கூலிக்காரர் வாக்கும் கட்சிகளும்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கலடிப் பக்கம் படிவம் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவிப்பணம்) மேன்முறையீடு, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, இவைதான் என் பிழைப்பு. தேர்தல் நெருங்கினால் வருகிறவர்கள் படிவத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருவார்கள். அநேகமாக எல்லாம் ஒரே கேள்விகள். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. கருத்து இருக்கிறது, அது ஆங்காங்கே தெரியும்.

"எங்கட பக்கம் எத்தின கட்சி கிடக்கு? ஆர் ஆரைப் பிடிக்க வாறாங்க?"

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்தில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என மூன்று தொகுதிகள், 5 ஆசனங்கள். அம்பாறைக்குத் தேர்தல் பெயர் திகாமடுல்ல. அங்கே அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகள், 7 ஆசனங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பில் நூற்றுக்கு 72 பேரளவில் தமிழர், 25 பேரளவில் முஸ்லிம்கள். அம்பாறையில் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17 என்ற அளவு. எந்தக் கட்சி வேட்பாளர் பட்டியல் போட்டாலும் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

தமிழ் ஊர்களைத் தமிழரசுக் கட்சியும் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகளும் பார்க்கும். முஸ்லிம் ஊர்களை முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ், தேசிய காங்கிரஸ் பார்க்கும். கொழும்பிலிருந்து வரும் கட்சிகள் எல்லா ஊருக்கும் வரும், ஆனால் ஊருக்கு ஊர் வேறு முகம். ஏறாவூர்ச் சுவரில் முஸ்லிம் வேட்பாளர், வந்தாறுமூலைச் சுவரில் தமிழ் வேட்பாளர், உகணையில் சிங்கள வேட்பாளர், மூன்றிலும் சின்னம் ஒன்று. வலை இழுக்கிறவருக்கு, வயல் கூலிக்கு, மேசனுக்கு என்று தனியாக ஒரு கட்சியும் இல்லை.

"தமிழ்க் கூலியும் முஸ்லிம் கூலியும் ஒரே வேலைதானே செய்றம். வாக்கு மட்டும் ஏன் ரெண்டாப் போகுது?"

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. காலையில் எங்கள் சந்தியில் நின்றால் ஏறாவூர் மேசன்மார் மோட்டார்சைக்கிளில் வந்து சித்தாண்டி, கொம்மாதுறைப் பெடியன்களைக் கையாள் வேலைக்கு ஏற்றிப் போவதைக் காணலாம். ஒரே சாந்து, ஒரே வெயில், பத்து மணிக்கு ஒரே பிளேன்டீ. சீமெந்து விலை ஏறி வீட்டுக்காரர் வேலையை நிறுத்தினால் இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது. வாக்குப் பெட்டிக்குப் போகும்போது மட்டும் பிரிந்துவிடுகிறார்கள். படித்தவர்கள் இதைப் பார்த்து "விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை.

முதற்காரணம் பயம். அதற்கு ஊரும் திகதியும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். அதே ஓகஸ்ட் 12 இல் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 இல் இராணுவத்தின் கையில் சத்துருக்கொண்டான் கிராமத்துத் தமிழர்கள். காசு உள்ளவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போனார். கூலிக்காரர் அதே ஊரில், அதே பக்கத்து ஊரைப் பார்த்தபடி இருந்தார். தன்னைக் காக்க ஒரு கட்சி வேண்டும் என்று அவர் நினைத்ததை மடமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாவது, அரச கந்தோர். வசதியானவருக்குப் பிரதேச செயலகத்தில் வருடத்தில் ஒரு வேலை இருந்தால் பெரிது. ஏழைக்கு எல்லா வேலையும் அங்கேதான்: காணிப் பத்திரம், உதவிப் பணம், வீட்டுத்திட்டம், வெள்ள நிவாரணம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்து என்று 2019 ஜூனில் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், முஸ்லிம்கள் எதிர்ப்புப் போராட்டம் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இனச் சண்டை. உள்ளே, யாருடைய கந்தோரில் யாருடைய படிவம் முதலில் நகரும் என்ற ஏழைகளின் கவலையும் இருந்தது. இன எல்லை ஏழையைத்தான் அதிகம் தொடுகிறது. அதனால்தான் இனக் கட்சியின் பேச்சு ஏழையிடம் எடுபடுகிறது.

"தொழிலாளிக்கெண்டு இடதுசாரிக் கட்சி இருந்ததுதானே? அது ஏன் இங்க வேர் பிடிக்கல்ல?"

வேர் பிடிக்க இடம் கொஞ்சம் இருந்தது. 1950களில் வாழைச்சேனைக் காகித ஆலை வந்தது, கல்லோயாத் திட்டத்தோடு ஹிங்குராணையில் சீனி ஆலை வந்தது. சங்கம் கட்டக்கூடிய தொழிலாளர் கூட்டம் அங்கே இருந்தது. மிச்ச உழைப்பெல்லாம் போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், வயல்களில் சிதறிக் கிடந்தது. வயலைச் செய்து கொடுக்கும் முல்லைக்காரன் போடியாரின் நெல்லை நம்பி இருந்தான், போடியார் சொன்ன ஆளுக்கு வாக்கும் போட்டான். அந்த வயலுக்குள் எந்தத் தொழிற்சங்கமும் இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் இடதுசாரிகள் தாங்களே தேடிக்கொண்டது. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது சமசமாஜக் கட்சி இரு மொழிக்கும் சம அந்தஸ்து கேட்டு நின்றது. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. 1966 ஜனவரியில் தமிழ் மொழிக்குச் சில உரிமை கொடுக்கும் ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் சமசமாஜமும் கம்யூனிஸ்ட் கட்சியும் நின்றன. 1972 அரசியலமைப்பை வரைந்தவர் அதே சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29 ஆம் பிரிவுப் பாதுகாப்பு அதில் போயிற்று, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தொழிலாளியே ஒன்றுசேர் என்று சொன்னவர்கள் வாக்கு தேவைப்பட்டபோது சிங்களத் தொழிலாளியோடு மட்டும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்துக்காரர் அதை மறக்கவில்லை.

"தமிழரசுக் கட்சி படிச்சவங்கட கட்சிதானே? ஏழைக்காகப் பேசினதா எப்பவாச்சும்?"

அது பிறந்ததே ஏழைகள் விசயத்தில். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது, தொடர்ந்து வாக்கும் போனது. ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்திருந்ததால் செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்த வாக்கை இழந்தவர்கள் நாட்டின் மிக வறிய தொழிலாளர்கள். 1956 இல் இந்தக் கட்சி கிழக்கில் முஸ்லிம்களையும் நிறுத்தி வென்றது: கல்முனையில் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற ஒரே குடைக்குள் இரு சமூகமும் நின்ற காலம் அது. இருவரும் பின்னர் கட்சி மாறினார்கள்.

கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் காட்டோரக் கிராமங்களில், யானைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில். அவர்களுக்காகப் பிறந்த கட்சியின் வேட்பாளர் பட்டியலில் அவர்கள் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். தேடுகிற வேலை மிச்சம்.

"அஷ்ரப் இருக்கக்குள்ள எங்கட பெடியனுகளுக்கு ஹாபர்ல வேலை கிடைச்சிச்சே. அது மாதிரி இப்ப ஏன் இல்ல?"

இதைக் கேட்டவர் சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு காக்கா. முஸ்லிம் காங்கிரஸ் 1981 இல் காத்தான்குடியில் தொடங்கியது. எம்.எச்.எம். அஷ்ரப் 1994 இல் துறைமுக, கப்பல்துறை, புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது அவருடைய முயற்சியால். 2000 செப்டெம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். துறைமுக வேலை பெற்ற குடும்பங்கள் இன்னும் அவர் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கின்றன. அந்த நன்றி நியாயமானது.

ஆனால் அமைச்சர் தருகிற வேலைக்கு ஒரு இலட்சணம் உண்டு. அவர் போனால் அதுவும் போகும். இருக்கும்போதும் கட்சிக்காரரின் கடிதம் உள்ள வீட்டுக்குத்தான் வரும். மருதமுனையில் தறி நெய்கிறவருக்கு நூல் விலை பிரச்சினை, ஒலுவிலில் துறைமுகம் கட்டியபின் கடல் கரையைத் தின்றதால் தோணி இழுக்க இடமில்லாதவருக்கு அது பிரச்சினை. ஆளுக்கொரு நியமனக் கடிதம் கொடுத்து இவற்றைத் தீர்க்க முடியாது. தமிழ்க் கட்சிகளுக்கு அமைச்சுப் பதவி அதிகம் வாய்க்காததால் அவர்களிடம் இந்தக் குறை வெளித்தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அஸ்வெசும எம்.பி. எடுத்துத் தந்தது எண்டு சொல்றாங்க. அவருக்குத்தான் போடணுமா?"

இல்லை. அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. நலன்புரி நன்மைகள் சபை, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வீட்டு விபரத்துக்குப் புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறது. எம்.பி.யின் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நூற்றுக்கணக்கில் நிரப்பியவன் சொல்கிறேன்.

"விருப்பு வாக்கெண்டா என்ன? ஒரே கட்சிக்காரங்களே ஏன் அடிபடுறாங்க?"

முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் அவர்களுடைய இலக்கத்தில் புள்ளடி. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை முதல் புள்ளடி தீர்மானிக்கும், அந்த ஆசனத்தில் எவர் இருப்பார் என்பதை மற்றவை தீர்மானிக்கும். மாவட்டத்தில் நூற்றுக்கு 5 வீதம் எடுக்காத கட்சி கணக்கிலிருந்து விலகும். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அந்த வெட்டுப்புள்ளி முன்பு 12.5 வீதமாக இருந்தது. 1988 இல் பிரேமதாசவோடு அஷ்ரப் பேசி 5 ஆகக் குறைத்ததால்தான் சின்னக் கட்சிகளுக்கு உயிர் வந்தது.

விருப்பு வாக்குக்காக ஒரு வேட்பாளர் மாவட்டம் முழுக்க ஓட வேண்டும். வாகரையிலிருந்து துறைநீலாவணை வரைக்கும் வாகனம், சுவரொட்டி, பெடியன்களுக்குச் சாப்பாடு. எதிர்க்கட்சியைவிடப் பக்கத்து இலக்கக்காரர்தான் எதிரி. இந்த ஓட்டத்துக்குக் காசு வேண்டும், அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்.

"அப்ப பட்டியல்ல ஒரு மீனவரோ மேசனோ ஏன் இல்ல?"

மேலே சொன்ன செலவு ஒன்று. இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் பிரசாரம் செய்ய ஒரு மேசனால் முடியாது. வழக்கறிஞர், டொக்டர், அதிபர், கொந்தராத்துக்காரர்தான் அதைத் தாங்குவார்கள். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் செலவுக்கு உச்ச வரம்பு வைக்கிறது, முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்கும் கொடுக்கச் சொல்கிறது. வரம்பு வந்தது நல்லது. வரம்புக்கு உட்பட்ட தொகையே கூலிக்காரருக்குக் கனவு.

உள்ளூராட்சியில் நிலைமை கொஞ்சம் வேறு. 2018 முதல் உறுப்பினரில் 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் பட்டியலில். பெண்களுக்கு 25 வீதம். ஒரு வட்டாரத்தைச் சைக்கிளில் சுற்றலாம், அதனால் சாதாரண ஆட்கள் நிற்கிறார்கள், சிலர் வெல்கிறார்கள். கட்சித் தலைமைகள் அவர்களை வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. பிரதேச சபைக்கு மீனவர், பாராளுமன்றத்துக்கு வழக்கறிஞர் என்று எழுதாத சட்டம் ஒன்று நடக்கிறது.

"ஒரே சனமெண்டா படுவான்கரைக்கு மட்டும் ஏன் கடைசியில வாறாங்க?"

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை: நகரம், பாடசாலை, ஆஸ்பத்திரி. மேற்கே படுவான்கரை: வயல், மாடு, குளம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி. போர்க்காலத்தில் பிள்ளைகளை அதிகம் இழந்த பக்கமும் அதுதான். மாநாடு நடப்பதும் வேட்பாளர் வசிப்பதும் கிழக்கே. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு கார் போவது சுலபமாயிற்று, தேர்தல் முடிந்த பிறகு போகிற கார் கூடியதா என்று அங்குள்ளவர்தான் சொல்ல வேண்டும். குடியும் (தாய்வழிக் குலம்) சாதியும் கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) தெரிவில் மட்டும் பார்க்கப்படுகிறது என்று நினைக்காதீர்கள். வேட்பாளரைத் தேடும்போது அந்தக் கணக்கும் மெதுவாகக் கதைக்கப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயலில் களை பிடுங்குகிற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. சம கூலியைத் தமிழ்ப் போடியாரும் கொடுப்பதில்லை, முஸ்லிம் போடியாரும் கொடுப்பதில்லை. அந்த ஒரு விசயத்தில் இரு சமூகமும் ஒற்றுமை. எந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரத்திலும் இதை நான் வாசித்ததில்லை.

"தமிழன்ட வாக்குப் பிரிஞ்சா மற்றவன் எடுத்திடுவான் எண்டு சொல்றது உண்மையா?"

கணக்காகப் பார்த்தால் உண்மை. 2020 இல் அம்பாறையில் கருணா தனியாகக் கேட்டு 29,000 வாக்களவில் எடுத்தார், தமிழரசுக் கட்சி 25,000 அளவில் எடுத்தது. சேர்ந்திருந்தால் ஒரு ஆசனம் வந்திருக்கும். பிரிந்ததால் 7 இல் ஒரு தமிழரும் இல்லை. தேசியப்பட்டியலில் ஒருவரைக் கொடுத்து ஈடு செய்தார்கள். 2024 இல் ஒரு தமிழர் வந்தார்.

ஆனால் "பிரியாதே" என்று வாக்காளரிடம் சொல்கிறவர் பட்டியல் எழுதும்போது உங்களைக் கேட்டாரா? திருக்கோவில் மீனவர், ஆலையடிவேம்பு வயல் கூலி, நாவிதன்வெளிக் குடியேற்றவாசி ஆகியோர் ஒரே பெட்டியில் போட வேண்டும் என்றால் அவர்களுடைய விசயமும் அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். சம்மாந்துறைத் தொகுதியிலும் பொத்துவில் தொகுதியிலும் இதே பேச்சை முஸ்லிம் கட்சிகள் முஸ்லிம்களிடம் பேசுகின்றன. பயப்படுத்தும் பெயர் மட்டும் வேறு.

"என்.பி.பி. இனம் பாக்கிறதில்ல, ஏழைக்குத்தான் எண்டு சொல்றாங்க. நம்பலாமா?"

2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டங்களில் 21 இல் முதலிடம். யாழ்ப்பாணமே போனது. போகாத ஒன்று மட்டக்களப்பு: தமிழரசு 3, தேசிய மக்கள் சக்தி 1, முஸ்லிம் காங்கிரஸ் 1. அம்பாறையில் அவர்களுக்கு 4. மட்டக்களப்பிலும் ஓர் ஆசனம் எடுத்தது சின்ன விசயமில்லை. ஊழல், விலைவாசி, கடன் என்று பேசியது இளம் ஆட்களுக்குப் பிடித்தது. நுண்கடன்காரன் வாசலில் நிற்கிற பெண்ணிடம் சமஷ்டி பற்றி மட்டும் பேசினால் அவள் கேட்டுக்கொண்டு இருப்பாளா?

மறுபக்கமும் பாருங்கள். அதன் தாய்க் கட்சி ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தொடக்க காலத்தில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று வகுப்பெடுத்தபோது மலையகத் தொழிலாளர் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையை அள்ளிய பிறகு நிவாரணத்துக்காக அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து அமைத்த கூட்டுப் பொறிமுறையை எதிர்த்து 2005 ஜூனில் அரசாங்கத்தைவிட்டு வெளியேறியது. வடக்குக் கிழக்கு இணைப்பைப் பிரித்த 2006 ஒக்டோபர் தீர்ப்பும் அந்தக் கட்சியினர் போட்ட வழக்கில்தான் வந்தது. ஆட்கள் மாறலாம், கட்சியும் மாறலாம். மாறியதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு: இனம் பேசி வருகிறவரிடம் கூலியைப் பற்றிக் கேட்பேன், கூலி பேசி வருகிறவரிடம் காணியைப் பற்றிக் கேட்பேன். இரண்டு பேருமே அந்தக் கேள்விக்குத் தண்ணீர் கேட்டுக் குடிப்பதை இந்தக் கடையில் வைத்தே பார்த்திருக்கிறேன்.

"மயிலத்தமடு விசயம் இனமா, வயிற்றுப்பாடா?"

இரண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளி மாவட்டத்தவர் வந்து பயிர் செய்யத் தொடங்கியதை எதிர்த்து 2023 செப்டெம்பர் 15 இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாடுகள் வெட்டப்பட்டன, சுடப்பட்டன. மேய்ச்சல் தரை போனால் பால் போகும், பால் போனால் பள்ளிக்கூடச் செலவு போகும். அது வயிற்றுப்பாடு. அந்தத் தரையை யாருக்குக் கொடுப்பது என்று மகாவலி அதிகார சபை தீர்மானிக்கும்போது யாருடைய சொல் எடுபடுகிறது என்பது இனம்.

வந்து பயிர் செய்தவர்களும் காணியில்லாத ஏழைகள்தானே என்று ஒரு சிங்களச் சகோதரர் என்னிடம் கேட்டார். பலர் அப்படித்தான். 1949 இல் கல்லோயாவில் குடியேற்றியவர்களும் ஏழை விவசாயிகள்தான். 1956 ஜூனில் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது. ஏழைக்குக் காணி என்பது நல்ல கொள்கை. எந்த ஏழைக்கு, எவருடைய தரையில் என்பதைக் கொழும்பு இனம் பார்த்து முடிவு செய்தால் இரண்டு ஏழைகள் அடிபடுவார்கள், முடிவு செய்தவர் வாக்கு எடுப்பார். தமிழ்க் கட்சிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும்: மாட்டுப்பட்டியின் சொந்தக்காரருக்காகப் பேசுகிறீர்கள், பட்டியில் படுத்துக் கிடந்து மாடு மேய்க்கிற கூலியாளுக்காக எப்போது பேசுவீர்கள்?

"சாமானும் காசும் தாறாங்க. வாங்கிட்டு வேற ஆளுக்குப் போட்டா பாவமா?"

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது, சட்டக் கணக்கு தெரியும். வாக்குக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "நீ ஆருக்குப் போட்டாய் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்வது வெறும் மிரட்டல். வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் கிடையாது, மறைப்புக்குள் உங்களோடு ஒருவரும் வரமுடியாது.

"நான் கட்டார்ல, என்ட பொஞ்சாதி குவைத்தில. எங்கட வாக்கு என்னாகுது?"

ஒன்றும் ஆகாது, அதாவது போட முடியாது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் ஏற்பாடு இலங்கையில் இல்லை. தபால் வாக்கு தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியருக்கும் பாதுகாப்புப் படைக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் உரியது. கொழும்பிலோ கட்டுநாயக்க வலயத்திலோ வேலை செய்கிறவர் கேட்டால், வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது நான்கு மணித்தியால விடுமுறை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1981 பாராளுமன்றத் தேர்தல் சட்டம் சொல்கிறது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நான்கு மணித்தியாலத்தில் பஸ் பொலன்னறுவையையே தாண்டாது, எனவே தூரத்துக்கு ஏற்ற நாளை எழுத்தில் கேளுங்கள். கடிதம் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், அதற்குக் காசு எடுப்பதில்லை.

குவைத்தில் இருக்கிற உங்கள் மனைவியைப் போன்ற பெண்கள் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் உண்டு, தமிழரும் முஸ்லிம்களும். அவர்கள் அனுப்புகிற காசில்தான் பாதி வீடுகளுக்குக் கூரை ஏறியது. வாக்கு இல்லாததால் எந்த வேட்பாளரும் அவர்களைத் தேடி வருவதில்லை. அவர்களுடைய தாய்மாரிடம் வருகிறார்கள், பேரப்பிள்ளையைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். அப்படி வருகிற ஒருவரிடம் வெளிநாட்டு வாக்குரிமைக்கு உங்கள் கட்சி பாராளுமன்றத்தில் என்ன செய்தது என்று கேட்கச் சொல்லி அந்தத் தாய்மாருக்கு நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து வருகிறேன்.